ரிம்மைப் பார்த்த பிறகு பிரேக் கட்டை வாங்குங்கள்

சைக்கிளில் பிரேக் சரியாகப் பிடிக்கவில்லையென்றால் பெரும்பாலானவர்கள் முதலில் கேபிளை இழுத்து முறுக்குவார்கள். அதிலும் சரியாகாவிட்டால் கட்டையை மாற்றுவார்கள், அதுவும் கடைக்காரர் எடுத்துக் கொடுக்கிற கட்டையை. ரிம் என்ன உலோகம், கட்டை உரசுகிற பக்கவாட்டுப் பரப்பு எப்படி இருக்கிறது என்று குனிந்து பார்ப்பவர்கள் குறைவு. ஒரு ரிம்மில் அருமையாகப் பிடிக்கிற கட்டை இன்னொரு ரிம்மில் வழுக்கும். மூன்றாவது ஒன்றில் ரிம்மையே தின்றுவிடும். கட்டையின் விலையும் இதை மாற்றாது, பேரும் மாற்றாது.

இங்கே சொல்வதெல்லாம் ரிம்மைக் கவ்வுகிற பிரேக்குகளுக்கு: கேலிப்பர் (இடுக்கிபோல மேலிருந்து கவ்வுவது), கேன்டிலீவர், வி-பிரேக் (இரண்டிலும் ரிம்முக்கு இருபுறமும் தனித்தனிக் கை இருக்கும்), பழைய ராட் பிரேக் (கேபிளுக்குப் பதில் கம்பியால் இழுப்பது). டிஸ்க் பிரேக்கின் கணக்கு முழுக்க வேறு.

முதலில் ரிம் எது என்று தெரிய வேண்டும்

ஒரு சின்னக் காந்தம் போதும், பாதி வேலை முடிந்துவிடும். ஒட்டினால் ரிம் இரும்பு, மேலே குரோம் பூச்சு. ஒட்டாவிட்டால் அலுமினியம், கார்பன், அல்லது சிலவகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். ஸ்டெயின்லெஸ் ரிம் கண்ணாடி மாதிரி பளபளக்கும், கையில் தூக்கினால் கனக்கும். அலுமினியத்தோடு குழப்பிக்கொள்ள வாய்ப்பில்லை.

அலுமினியத்தில் மூன்று நான்கு வகை உண்டு. நன்றாகச் செய்த ரிம்மின் பிரேக் பரப்பை மெஷினில் கடைந்திருப்பார்கள். ரிம் முழுக்கக் கறுப்பாக இருந்தாலும் கட்டை படுகிற பட்டை மட்டும் வெள்ளியாக இருக்கும். புதிதாக இருக்கும்போது அதில் மெல்லிய வரிகள் தெரியும், நகத்தை மேலிருந்து கீழே இழுத்தால் தட்டுப்படும். இதுதான் கட்டைக்கு மிகச் சுலபமான பரப்பு. அடுத்தது கடையாமல் முழுக்க அனோடைஸ் செய்த (மின்வேதி முறையில் கடினப் பூச்சு ஏற்றிய) ரிம். நிறம் பிரேக் பரப்பிலும் ஒரே சீராக ஓடும். கொஞ்ச நாளில் அந்தப் பூச்சு திட்டுத்திட்டாகத் தேயும். தேய்ந்த இடமும் தேயாத இடமும் ஒரே மாதிரி பிடிக்காது. அதனால் மெதுவாக நிறுத்தும்போது பிரேக் விட்டுவிட்டுப் பிடிப்பதுபோலத் தோன்றும். பூச்சு முழுக்கப் போகும்வரை இது இருக்கும், எந்தக் கட்டை போட்டாலும் தீராது.

பக்கவாட்டில் பெயின்ட் அல்லது பவுடர் கோட்டிங் அடித்த ரிம் வேறு கதை. அது பிரேக்குக்காகச் செய்ததில்லை. பெயின்ட் உரிந்து கட்டையில் மெழுகுபோல ஒட்டிக்கொள்ளும், அப்புறம் கட்டையும் பிடிக்காது, ரிம்மும் பிடிக்காது. ஃபிக்ஸீ (ஃப்ரீவீல் இல்லாத ஒற்றை கியர்) வண்டிகளில் அழகுக்காக வரும் உயரமான வண்ண ரிம்களில் இதை அடிக்கடி பார்க்கலாம். இதைவிட ஆபத்தானது டிஸ்க் பிரேக்குக்கென்றே செய்த ரிம்மை ரிம் பிரேக் வண்டியில் மாட்டுவது. அதன் பக்கச்சுவர் தேய்மானத்தைத் தாங்குவதற்காகச் செய்ததல்ல. பல ரிம்களில் அது தட்டையாகக்கூட இருக்காது. மாட்டவே கூடாது.

அலுமினியத்தின் மேல் செராமிக் பூசிய ரிம் மங்கலான கருஞ்சாம்பல் நிறத்தில் இருக்கும். விரலை வைத்து ஓட்டினால் மிக நுண்ணிய உப்புத்தாளைத் தொட்டதுபோல இருக்கும். ரிகிடா நிறுவனத்தின் சி.எஸ்.எஸ். ரிம்களில் டங்ஸ்டன் கார்பைடு பூச்சு. மாவிக் நிறுவனத்தின் எக்ஸாலித் ரிம்களில் கறுப்பான பரப்பில் நெருக்கமாகக் கீறிய வரிகள் கண்ணுக்கே தெரியும், பிரேக் பிடித்தால் விசில் மாதிரி ஒரு சத்தம் வரும். அது பழுது இல்லை. கார்பனை அடையாளம் காண அதிகம் யோசிக்க வேண்டாம். விரல் முட்டியால் தட்டினால் உலோகச் சத்தம் வராது, பிரேக் பரப்பு பெரும்பாலும் மங்கலாகவோ சொரசொரப்பாகவோ இருக்கும்.

நிறத்தை நம்ப வேண்டாம்

கட்டையின் நிறத்துக்கு எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான விதி கிடையாது. சுவிஸ்ஸ்டாப்பின் நீல நிற பி.எக்ஸ்.பி. கட்டை அலுமினியத்துக்கு. ரெனால்ட்ஸின் நீலக் கட்டை கார்பனுக்கு. கூல்-ஸ்டாப் பச்சை நிறத்தை செராமிக்குக்கு வைத்தது. சுவிஸ்ஸ்டாப்பின் பச்சை அலுமினியத்துக்கு. "நண்பர் பச்சை போட்டிருக்கிறார், நல்லா பிடிக்குது" என்று கேட்டு வாங்கினால் எந்தப் பச்சை என்பதிலேயே மாட்டிக்கொள்வீர்கள்.

மாடல் எண்ணும் அப்படித்தான். ஷிமானோவில் ஆர்55சி4 என்ற ஒரே எண்ணில் அலாய் (அலுமினிய) ரிம்முக்கு ஒரு கட்டையும் கார்பன் ரிம்முக்கு வேறு ஒரு கட்டையும் உண்டு. அட்டையில் எந்த ரிம்முக்கு என்று எழுதியிருப்பதைப் படித்துவிட்டு எடுங்கள். அட்டையில் ரிம் வகையே எழுதாமல் வெறும் கறுப்பாக வரும் மலிவுக் கட்டையை அலுமினியத்துக்கானது என்றே எடுத்துக்கொள்ளலாம், அதுவும் சுமாரானது.

அலுமினியம்: கட்டைக்குள் என்ன ஒட்டியிருக்கிறது

தெருவில் ஓடும் சைக்கிள்களில் பெரும்பகுதி அலுமினிய ரிம் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

அலுமினியம் மிருதுவான உலோகம். மழையிலோ சேற்றிலோ ஓட்டும்போது மணல் துகள் கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவே மாட்டுகிறது. ரப்பரில் பதிந்த அந்தத் துகள் ரிம்மைச் சுரண்டுகிறது. சுரண்டிய அலுமினியத் தூள் வெளியே போகாமல் கட்டையிலேயே அமுங்கி, ஒன்றோடொன்று சேர்ந்து சிறு கட்டியாகிறது. அந்தத் தூளின் மேற்பரப்பு காற்றுப் பட்டவுடன் அலுமினியம் ஆக்சைடு ஆகிவிடும். உப்புத்தாளில் ஒட்டியிருக்கும் அரைபொருளும் அதேதான். ஆக இப்போது கட்டையில் ரிம்மைவிடப் பல மடங்கு கடினமான பொருளும் இருக்கிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் அதே இடத்தில் அதே கோட்டைக் கீறிக்கொண்டே போகும். பிரேக் பிடிக்கும்போது "கரகர" என்று கேட்டால் இது ஆரம்பித்துவிட்டது என்று பொருள்.

சக்கரத்தைக் கழற்றி, கட்டையின் முகத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். நல்ல கட்டை ஒரே சீராக மங்கலாக இருக்கும். தப்பான கட்டையில் அங்கங்கே வெள்ளிப் புள்ளிகள் மின்னும். சில புள்ளி குண்டூசித் தலையளவு இருக்கும், சில நீளமாகப் பட்டையாக ஓடும். குத்தூசியின் முனையைப் புள்ளியின் ஓரத்தில் செருகி நெம்பினால், மேலே புள்ளியாகத் தெரிந்தது உள்ளே ஒரு செதிலாக இருப்பது தெரியும். மேலாகச் சுரண்டினால் தலை மட்டும்தான் போகும். அடியோடு பெயர்த்தெடுக்க வேண்டும். எல்லாவற்றையும் எடுத்தபின் 80 அல்லது 100 எண் உப்புத்தாளைத் தட்டையான பலகையில் விரித்து, கட்டையை அதன்மேல் வைத்து ஒரே திசையில் இழுங்கள். பளபளப்பு போய் முகம் முழுக்க மங்கலானால் போதும். உப்புத்தாளைக் கையில் மடித்துப் பிடித்துத் தேய்த்தால் கட்டையின் விளிம்புகள் உருண்டுவிடும்.

இதை மழைக்காலத்தில் மாதம் இருமுறை பார்ப்பது நல்லது; காய்ந்த சாலையில் மாதம் ஒருமுறை. எடுக்க எடுக்கச் சில நாளிலேயே மறுபடி புள்ளிகள் வந்தால் அந்தக் கட்டையின் ரப்பர் கலவை உங்கள் ரிம்முக்கு ஒத்துவரவில்லை. அதைத் தேய்த்துத் தேய்த்து வைத்திருப்பதில் லாபமில்லை. கட்டையை மிச்சம் பிடித்து ரிம்மை இழப்பீர்கள். ரிம் மாற்றுவதென்றால் ஸ்போக் எல்லாம் கழற்றி சக்கரத்தையே மறுபடி கட்ட வேண்டும்.

மழையும் மணலும் அதிகமென்றால் கூல்-ஸ்டாப்பின் செம்மண் ஆரஞ்சு நிறக் கட்டையைப் பலர் தேர்ந்தெடுக்கிறார்கள், காரணத்தோடுதான். அந்தக் கலவையில் இரும்பு ஆக்சைடு கலந்திருக்கிறது. ஈரத்தில் பிடிப்பு அதிகம் குறைவதில்லை, அலுமினியத் தூளையும் அதிகம் பிடித்து வைத்துக்கொள்வதில்லை, ரிம்மும் மெதுவாகத் தேயும். காய்ந்த சாலையில் மட்டுமே ஓட்டுபவருக்குக் கறுப்புக் கலவையே போதும். இரண்டும் சேர்ந்த இரட்டைக் கலவைக் கட்டைகளும் வருகின்றன. அவற்றை மோசம் என்று சொல்ல முடியாது, ஆனால் ஈரத்துக்காக வாங்குபவர் முழு ஆரஞ்சையே வாங்கலாம் என்பது எங்கள் கட்சி.

கடைந்த வரிகள் உள்ள புத்தம்புதிய ரிம்மில் முதல் ஜோடிக் கட்டை வேகமாகக் கரையும். அந்த வரிகள் அரம்போல வேலை செய்வதுதான் காரணம். ஃபோர்க்கில் கறுப்புத் தூள் படிவதைப் பார்த்துக் கலவை தப்பு என்று முடிவுகட்ட வேண்டாம். வரிகள் மழுங்கியதும் சரியாகிவிடும்.

ரிம் எவ்வளவு மிச்சம் இருக்கிறது

புதுக்கட்டை வாங்குகிற நேரம்தான் ரிம்மை அளக்கச் சரியான நேரம். பல அலுமினிய ரிம்களில் பிரேக் பரப்பில் ஒரு சுற்றுக்கோடோ சின்னக் குழியோ இருக்கும். தேய்மானக் குறி அது. அது மறைந்துவிட்டால் ரிம் முடிந்தது. சில ரிம்களில் இது தலைகீழ்: உள்ளே ஒளிந்திருக்கும் துளை, சுவர் தேய்ந்தபின் வெளியே தெரியும். உங்கள் ரிம்மில் எது என்பதைத் தயாரிப்பாளரின் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

குறியே இல்லாத ரிம்மில் ஒரு ஸ்கேலின் விளிம்பைப் பரப்பின் குறுக்கே நிறுத்தி, பின்னால் டார்ச் அடியுங்கள். நடுவில் வெளிச்சம் பிறைபோல ஒழுகினால் பரப்பு குழிந்திருக்கிறது. எவ்வளவு என்று தெரிய டயரைக் கழற்றி அளக்க வேண்டும். வெர்னியரை (தடிமன் அளக்கும் கருவி) நேராக வைத்தால் உள்பக்கம் டயரைப் பிடிக்கும் கொக்கி தடுக்கும், வெளிப்பக்கம் குழிவின் ஆழத்துக்குள் தாடை போகாது. அதற்கு ஒரு வழி உண்டு. 2 மி.மீ. தடிமனுள்ள பழைய ஸ்போக்கில் இரண்டு துண்டு வெட்டிக்கொள்ளுங்கள். ஒன்றைச் சுவரின் உள்பக்கம் கொக்கிக்குக் கீழேயும், இன்னொன்றை வெளிப்பக்கம் குழிவிலும் ரிம்மின் நீளவாக்கில் ஒட்டிப் பிடித்து, இரண்டையும் சேர்த்து வெர்னியரில் அளக்க வேண்டும். வந்த அளவிலிருந்து 4 மி.மீ. கழித்தால் சுவரின் கனம். சக்கரத்தைச் சுற்றி ஐந்தாறு இடத்தில், இரண்டு பக்கமும் அளந்து, மிகக் குறைந்த எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். தயாரிப்பாளர் வேறு அளவு சொல்லாதவரை, 1 மி.மீ.-க்குக் கீழே போன ரிம்முக்குப் புதுக்கட்டை வாங்க வேண்டாம், ரிம்மை மாற்றுங்கள். டயருக்குள் இருக்கும் காற்று அந்தச் சுவரை எப்போதும் வெளியே தள்ளிக்கொண்டேயிருக்கிறது. மெலிந்த சுவர் ஒருநாள் கிழியும். கிழிவதற்கு முன் பெரும்பாலும் ஓரிடத்தில் புடைக்கும். சக்கரத்தின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை லிவர் விரலை உதைத்தால் உடனே இறங்கிப் பாருங்கள்.

இந்தக் குழிவு கட்டைத் தேர்விலும் குறுக்கிடும். குழிந்த ரிம்மில் தட்டையான புதுக்கட்டை மேலும் கீழும் விளிம்பில் மட்டும் படும், நடுவில் படாது. புதுக்கட்டை போட்டும் பிடிக்கவில்லை என்ற புகாருக்கு இது ஒரு காரணம். இதற்கு நேர்மாறும் உண்டு. பழைய ரிம்மின் குழிவுக்கேற்ப நடு புடைத்துத் தேய்ந்த கட்டையைப் புது ரிம்முக்கு மாற்றினால் நடுவில் மட்டும் படும். அந்தக் கட்டையை உப்புத்தாளில் தட்டையாக்கிய பிறகே போட வேண்டும்.

குரோம் ஸ்டீல்

காய்ந்திருக்கும்போது இதில் எந்த ரப்பர் கட்டையும் ஓரளவு பிடிக்கும். நனைந்தால் நிலைமை தலைகீழ். குரோம் பரப்பு வழவழப்பாக இருப்பதால் நீர்ப்படலம் நிற்கிறது; கட்டை அதை வழித்துத் தள்ளி முடிக்கப் பல சுற்று ஆகும். 700×25 டயர் போட்ட சக்கரத்தின் ஒரு சுற்று ஏறக்குறைய 2.1 மீட்டர். அதைச் சுற்றுகளால் பெருக்கிப் பார்த்தால் மழையில் எவ்வளவு தூரம் தள்ளி நிற்பீர்கள் என்று புரியும்.

இந்தப் பரப்புக்கென்றே முகத்தில் தோல் பதித்த கட்டைகள் உண்டு. ஈரக் குரோமில் ரப்பரைவிட நன்றாகப் பிடிக்கும். ஆனால் அதே தோல் கட்டையை அலுமினியத்தில் போடக்கூடாது, தோல் மணலையும் தூளையும் இறுகப் பிடித்து வைத்துக்கொண்டு ரிம்மை அரித்துவிடும். தோல் கட்டை கிடைக்காதவர்கள் கூல்-ஸ்டாப் ஆரஞ்சு மாதிரி மென்மையான கலவைக்குப் போகலாம். இறுகிய மலிவுக் கட்டையைவிட எவ்வளவோ மேல். எது போட்டாலும் மழையில் நிற்க வேண்டிய இடத்துக்கு முன்பே லேசாகப் பிரேக்கைத் தொட்டு ரிம்மைத் துடைத்துக்கொண்டு வர வேண்டும். ஸ்டீல் ரிம்மில் அதற்கு மாற்று கிடையாது.

குரோமில் துருப்புள்ளி வந்தால் அலுமினிய ஃபாயிலை நனைத்துத் தேய்த்தால் போகும், குரோமும் கீறாது. பூச்சே உரிந்து செதிலாக நிற்கிற ரிம் கட்டையைச் சீவித் தள்ளும், அதற்கு எந்தக் கட்டையும் மருந்தில்லை.

ராட் பிரேக் வண்டியில் கட்டை ரிம்மின் பக்கத்தில் படாது, உள்வட்டத்தில், ஸ்போக் புறப்படும் பக்கம் படும். கட்டை நேராகப் படாவிட்டால் ஸ்போக் நிப்பிளில் உரசும். அந்தக் கட்டைகள் வடிவிலேயே வேறு என்பதால் மாற்றி வாங்கிவிட வாய்ப்பு குறைவு.

செராமிக், டங்ஸ்டன் கார்பைடு, எக்ஸாலித்

இவை மூன்றுக்கும் பொதுவானது ஒன்று: பரப்பு கட்டையைவிட மிகக் கடினம். ரிம் தேய்வதற்குப் பதில் கட்டை தேயும். சாதாரண மிருதுக் கட்டை போட்டால் மழைக்காலம் முடியுமுன்பே கரைந்து ரிம் முழுக்கக் கறுப்புப் பசையாகப் பூசிவிடும். அதற்கென்று செய்த கடினக் கலவைக் கட்டையே போட வேண்டும். எக்ஸாலித்துக்கு மாவிக் கொடுக்கும் கட்டையைத் தவிர வேறு எதையும் முயல வேண்டாம்.

ஏற்கெனவே அலுமினிய ரிம்மில் ஓடிய கட்டையை இதற்கு மாற்றவே கூடாது. உள்ளே பதிந்திருக்கும் உலோகத் தூள் செராமிக்கின் மேல் வெள்ளி வெள்ளியாகத் தீட்டிவிடும், பிடிப்பு போய்விடும். தீட்டிவிட்டால் ஸ்டீல் வுல், உப்புத்தாள் எதையும் எடுக்காதீர்கள். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் துணியும் கொஞ்சம் பொறுமையும்தான்.

கார்பன்

இங்கே பிடிப்பைவிடச் சூடுதான் பெரிய பிரச்சினை. அலுமினியம் பிரேக் சூட்டை ரிம் முழுக்கக் கடத்திக் காற்றில் விட்டுவிடும். கார்பன் அப்படிக் கடத்தாது. உரசுகிற பட்டையிலேயே சூடு தேங்கும். ஒரு அளவுக்கு மேல் போனால் கார்பன் இழைகளைப் பிணைத்திருக்கும் ரெசின் இளகும். உள்ளிருந்து டயர் தள்ளுவதால் பக்கச்சுவர் வெளியே வளையும், அடுக்குகள் பிரியும். அலாய் ரிம்முக்கான ரப்பர் கட்டை இந்தச் சூட்டில் உருகி ரிம்மில் ஒட்டும், ஒட்டிய இடத்தில் பிரேக் திடீரென்று கவ்வும். கார்பன் கட்டை சூட்டைக் குறைவாக உண்டாக்குவதற்கும், உண்டான சூட்டில் இளகாமல் இருப்பதற்கும் செய்த கலவை. கார்க் (தக்கை) கலந்தவையும் அதில் உண்டு. தக்கைக் கட்டைதான் மர ரிம்முக்கும் பழைய வழக்கம்.

ரிம் தயாரிப்பாளர் எந்தக் கட்டையைச் சொல்கிறாரோ அதையே போடுங்கள். பல நிறுவனங்கள் வேறு கட்டை போட்டால் உத்தரவாதமே தருவதில்லை. லேடெக்ஸ் டியூபையும் பலர் கார்பன் கிளிஞ்சரில் (டயரின் விளிம்பைக் கொக்கியில் பிடிக்கும் சாதாரண வகை ரிம்) ரிம் பிரேக்கோடு சேர்த்துப் போட வேண்டாம் என்கிறார்கள். அதற்கும் காரணம் சூடுதான்.

நீண்ட இறக்கத்தில் லிவரை லேசாகப் பிடித்துக்கொண்டே வருவது கார்பனுக்குக் கெடுதல். வளைவுக்கு முன் இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்து, முழுக்க விட்டுவிடுங்கள். விட்ட நேரத்தில் காற்று ரிம்மை ஆற்றும். எரிந்த ரப்பர் வாடை வந்தாலோ லிவரில் அதிர்வு தெரிந்தாலோ நிறுத்திவிட்டு ஆறவிட வேண்டும், தண்ணீர் ஊற்றி ஆற்றக் கூடாது.

அலுமினிய ரிம்மில் ஓடிய கட்டை கார்பனில் படவே கூடாது. உள்ளே மறைந்திருக்கும் ஒரே ஒரு உலோகச் செதில் போதும், முதல் இறக்கத்திலேயே ரிம்மைச் சுற்றிலும் ஒரு பள்ளம் வெட்டிவிடும். குத்தூசியால் சுத்தம் செய்துவிட்டேன் என்ற சமாதானம் இங்கே செல்லாது.

மாட்டுவதில் கெட்டுப்போவது

ரிம்முக்கு ஏற்ற கட்டையே வாங்கினாலும் மாட்டுவதில் கெடுப்பது சுலபம்.

உலோகப் பிடிப்பானுக்குள் சறுக்கிச் செருகும் கட்டையென்றால் அந்தப் பிடிப்பானின் அடைத்த முனை வண்டியின் முன்பக்கம் பார்க்க வேண்டும். கட்டை இருக்கும் இடத்தில் ரிம் முன்னோக்கித்தான் ஓடுகிறது. பிரேக் பிடித்தால் கட்டையையும் முன்னோக்கி இழுக்கும். திறந்த முனை முன்னால் இருந்தால் கட்டையைப் பிடித்திருப்பது அந்தச் சின்ன ஸ்க்ரூ மட்டும்தான். அதுவும் தளர்ந்தால் கட்டை பறந்துவிடும். கட்டையில் அம்புக்குறி, வலது இடது எழுத்து இருந்தால் அதன்படி. ஷிமானோ பிரேக்குக்கான செருகுகட்டை ஸ்ராம் நிறுவனப் பிரேக்கிலும் சேரும். கம்பான்யோலோவில் சேராது, வேறு வடிவம்.

உயரம் பார்க்கும்போது கட்டை முழுக்கப் பிரேக் பரப்புக்குள் இருக்க வேண்டும். மேலே ஏறினால் டயரின் பக்கத்தை அறுத்து டியூப் வெடிக்கும். கீழே இறங்கினால் ரிம்மின் அடியில் தேயாத உதடு ஒன்று கட்டையில் உருவாகி, ஒருநாள் ரிம்முக்கு அடியில் நழுவி ஸ்போக்கில் மாட்டும். வி-பிரேக்கிலும் கேன்டிலீவரிலும் கட்டை தேயத் தேயப் பிரேக்கின் கை உள்ளே சாய்ந்து, கட்டை ஸ்போக் பக்கம் இறங்கிக்கொண்டே போகும். ஆகவே புதிதில் பரப்பின் மேல் விளிம்புக்கு ஒரு மி.மீ. கீழே வைப்பது நல்லது. அகலமான கார்பன் ரிம் போட்டு, பிறகு ஒல்லியான அலாய் ரிம்முக்கு மாறினாலும் கை சாயும் கோணம் மாறும், அப்போதும் உயரத்தைத் திரும்பப் பார்க்க வேண்டும்.

கட்டையின் முன்முனை முதலில் ரிம்மைத் தொட வேண்டும். பின்முனையில் அரை மி.மீ. முதல் 1 மி.மீ. வரை இடைவெளி. பின்முனைக்கும் ரிம்முக்கும் நடுவே மடித்த அட்டைத் துண்டு ஒன்றை வைத்து, லிவரை அழுத்திப் பிடித்தபடி போல்ட்டை முடுக்கினால் தானாக அமையும். வி-பிரேக் கட்டைக்கு 6 முதல் 8 நியூட்டன் மீட்டர், ரோடு கேலிப்பர் கட்டைக்கு 5 முதல் 7 என்பது ஷிமானோவின் அளவு. முடுக்கும்போது கட்டை போல்ட்டோடு சேர்ந்து திரும்பும், இன்னொரு கையால் இறுகப் பிடித்துக்கொள்ளுங்கள். வி-பிரேக் கட்டையில் வரும் குழிவாஷர்கள் இரண்டு கனத்தில் இருக்கும். கை ஏறக்குறைய நேராக நிற்கும்படி கனமானதை உள்ளேயோ வெளியேயோ மாற்றிப் போடலாம். கடைசியில் ரிம்முக்கும் கட்டைக்கும் பக்கத்துக்கு 1 மி.மீ. இடைவெளி. சக்கரம் அரை மி.மீ.-க்கு மேல் ஆடினால் முதலில் ஸ்போக் சரிசெய்ய வேண்டும், கட்டையை விலக்கிவைத்துச் சமாளிக்கக் கூடாது.

மாட்டுமுன் ரிம்மைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, காய்ந்ததும் ஆல்கஹாலில் நனைத்த வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணியில் கறுப்பு வருவது நிற்கும்வரை. மண்ணெண்ணெய் கூடாது, எண்ணெய்ப் படலத்தை விட்டுவிடும். செயினில் ஸ்ப்ரே அடிக்கும்போது ரிம்மில் தெறிப்பதும், டயர் பாலிஷும், சிலிக்கான் மெருகும் கட்டையைப் பாழாக்கும். எண்ணெய் ஆழமாக ஊறிய கட்டையைத் தேய்த்துப் பார்த்து நேரம் வீணாக்குவதைவிடத் தூக்கிப் போடலாம்.

பிறகு கட்டையை ரிம்முக்குப் பழக்க வேண்டும். ஆளில்லாத சமதரையில் 25–30 கி.மீ. வேகத்திலிருந்து 10 வரை படிப்படியாகக் குறையுங்கள், முழுக்க நிறுத்தாமல். மறுபடி வேகம் எடுங்கள். நடுவே ஆறவிட்டு, முன்னும் பின்னும் தனித்தனியாகப் பத்துப் பதினைந்து முறை. கார்பனில் ஆறவிடுகிற இடைவெளியை நீட்டுங்கள்.

சத்தம் கேட்டால்

"கிறீச்" என்று நீளமாக வந்தால் கட்டையின் கோணம், அல்லது பரப்பில் எண்ணெய். கோணத்தைத் தொடுமுன் பிரேக் கையே ஆடுகிறதா என்று பிடித்து அசைத்துப் பாருங்கள். பிவட்டில் (கை சுழலும் அச்சில்) ஆட்டம் இருந்தால் எந்தக் கோணமும் நிற்காது. கட்டையில் நகத்தை அழுத்தித் தடம் பதியவில்லையென்றால் ரப்பர் வயதாகி இறுகிவிட்டது, பள்ளங்கள் ஆழமாக இருந்தாலும் மாற்ற வேண்டியதுதான்.

சுற்றுக்கு ஒருமுறை "டொக்" என்று தட்டினால் ரிம்மின் இணைப்பு. வால்வுக்கு நேரெதிரே நகத்தை ஓட்டிப் பாருங்கள். உலோக ஊசி போட்டு இணைத்த அலுமினிய ரிம்மில் சிறு படி தட்டுப்படலாம். 400 எண் உப்புத்தாளைச் சிறு மரக்கட்டையில் சுற்றி, உயர்ந்த விளிம்பை மட்டும் மெல்லத் தேய்த்து எடுக்கலாம். பூச்சு உள்ள ரிம்மிலும் கார்பனிலும் இதைச் செய்யக் கூடாது.

அலாய், கார்பன் என இரண்டு ஜோடிச் சக்கரம் வைத்திருப்பவர்கள் இரண்டு ஜோடிப் பிடிப்பானும் வைத்துக்கொள்வது நல்லது. கட்டையை மட்டும் உருவி மாற்றினால் ஒவ்வொரு முறையும் உயரமும் கோணமும் புதிதாக அமைக்க நேரிடும், பழைய கட்டை எது புதியது எது என்ற குழப்பமும் வரும். கழற்றிய பிடிப்பானின் முதுகில் வெள்ளை மார்க்கரால் எந்த ரிம், முன் அல்லது பின், வலம் அல்லது இடம் என்று எழுதி, வெயில் படாத இடத்தில் தனித்தனிப் பையில் போட்டு வையுங்கள்.